கழுத்துக்குக் கொடுத்த கூலி

ஊரார் கழுத்தையெல்லாம் திருப்பிவிட்ட கட்டு வைத்தியருக்குத் தன் கழுத்து பிடித்துக்கொண்டது அவசரத்தால்தான். மூட்டை தூக்கி அல்ல, பனியில் படுத்து அல்ல. அவரே பின்னால் பலரிடம் பலவிதமாகச் சொன்னார். அதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை.

சரக்கு முனையத்தின் வாசலை ஒட்டிச் சுமை தூக்குவோர் சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் இருந்தது. கீழ்த்தளத்தில் உடைந்த தராசுகளும் அறுந்த கயிறுகளும் அடைந்து கிடந்த ஓர் அறையைச் சங்கத்தார் காலி செய்து சுண்ணாம்பு அடித்தார்கள். ஒரு ஜன்னல், ஒரு குழாய், வழவழப்பான சிமெண்டுத் தரை. முதுகு பிடித்தவன், தோள் நழுவியவன், விரல் நசுங்கியவன் எல்லாரும் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். அங்கே ஒரு வைத்தியரை வாடகை இல்லாமல் உட்கார வைப்பது என்று முடிவாயிற்று. இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் கட்டு வைத்தியர், மற்றவர் சீன ஊசி குத்தி வைத்தியம் பார்க்கும் ஊசிக்காரம்மா.

யாருக்குக் கொடுப்பது என்பதற்குச் சங்கத்தார் ரொம்ப யோசிக்கவில்லை. சுமைகாரர்களை நடத்தும் மேஸ்திரியின் வலது கை சில மாதங்களாக மார்புக்கு மேலே எழும்பாமல் இருந்தது. எல்லார் முன்னாலும் அந்தக் கையை யார் தூக்க வைக்கிறாரோ அவருக்கு அறை. மேஸ்திரியும் சம்மதித்தார். இரண்டு வைத்தியம் இலவசமாகக் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்.

கட்டு வைத்தியருக்கு இது வெறும் அறையல்ல. இரும்புச் சாமான் கிடங்கின் மாடிப்படிக்குக் கீழே, குனிந்துதான் உள்ளே போக முடிகிற இடத்தில் அவர் காலம் ஓட்டிவந்தார். அந்தக் கிடங்கை இடிக்கப் போகிறார்கள். வேறு இடம் பார்க்கப் போனால், எண்ணெய் நாற்றம் சுவரை விட்டுப் போகாது என்று எவரும் தரமாட்டேன் என்கிறார்கள். இந்த அறை கை தவறினால் பெஞ்சைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகத்தான் போக வேண்டும். ஊசிக்காரம்மாவுக்கு வீடு இருந்தது, ஆனால் மூன்றாவது மாடியில். இடுப்பு பிடித்தவன் அந்தப் படிகளில் ஏறினால் வழியிலேயே குணமாக வேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே படுத்துவிட வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல். கட்டு வைத்தியரின் மகளை ஊசிக்காரம்மாவின் மகனுக்குத்தான் கொடுத்திருந்தது. ஆகவே வாய்விட்டுத் திட்டவும் முடியாது. பார்த்த இடத்தில் சிரித்து, நலம் விசாரித்து, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் திட்ட வேண்டும். அதை அவர் ஒழுங்காகச் செய்துவந்தார்.

போட்டிக்குக் குறித்தது ஒரு காலை நேரம். அதுவரை பொறுக்காமல் முந்தின நாள் காலையிலேயே கட்டு வைத்தியர் தன் பலகையைத் தூக்கிக்கொண்டு அந்த அறை வாசலுக்குப் போனார். 'பரம்பரைக் கட்டு வைத்தியம்' என்று எழுதியிருந்தது. யாருடைய பரம்பரை என்று எழுதியிருக்கவில்லை. பலகையை ஒரு கழியில் மாட்டி உயரத் தூக்கிப் பிடித்து, எந்த இடத்தில் இருந்தால் லாரிக்காரன் கண்ணிலும் படும் என்று அண்ணாந்து, இடப்பக்கம் சாய்ந்து, ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தார். பார்த்தது பார்த்தபடியே நின்றுவிட்டது கழுத்து.

வீட்டுக்கு அவர் வானத்தைப் பார்த்தபடியேதான் நடந்து போனார். எதிரே வந்தவர்களெல்லாம் அவரோடு சேர்ந்து மேலே பார்த்தார்கள். மழை வரப்போகிறது என்று முடிவு கட்டிய ஒருவன், முனையத்தில் பிரித்துப் போட்ட சாக்குகள் மீது தார்ப்பாயை இழுத்து மூடினான். அன்று வெயில் கொளுத்தியது.

அவர் மனைவி எண்ணெய் காய்ச்சித் தடவினார். மூலிகை மூட்டையைச் சூடாக்கி ஒத்தடம் கொடுத்தார். சூடு காட்டிய குவளையைக் கவிழ்த்துச் சதையை இழுத்தார். பிடரியில் வட்டவட்டமாகச் சிவந்ததுதான் மிச்சம். தன் முதுகைத் தானே அமுக்க முடிந்தால் வைத்தியனுக்கு ஏன் இத்தனை மரியாதை? கடைசியில் சம்பந்தியம்மாவிடம் போகச் சொன்னார் மனைவி. அதற்குச் செத்துப்போகலாம் என்றார் இவர்.

"செத்தா மேல பாத்துத்தான் படுக்கப் போறீங்க. அதுக்குக் கழுத்து தோதாத்தான் இருக்கு" என்றார் மனைவி.

போவதில் அவமானம் ஒரு பக்கம். கூலி இன்னொரு பக்கம். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வைத்தியன் உடம்புக்கு இன்னொரு வைத்தியன் கை வைத்தால் காசு வாங்கக் கூடாது. அதற்குப் பதிலாக ஒரு வித்தையை வாங்கிக்கொள்ள வேண்டும். காசாக வாங்கினால் கை விளங்காது என்பார்கள். யார் இதை ஆரம்பித்து வைத்தது என்று தெரியவில்லை. வைத்தியர்களுக்கும் நோய் வரும் என்பதைத் தெரிந்துகொண்ட ஒரு புத்திசாலியாகத்தான் இருக்க வேண்டும்.

கட்டு வைத்தியரின் பரம்பரையில் பாதி இப்படி வந்து சேர்ந்ததுதான். எண்ணெயும், விரலால் அமுக்கும் வர்ம இடங்களும் அவர் அப்பன் வழி. குவளை வைத்து இழுப்பது, சுளுக்கிய கணுக்காலோடு வந்த, வைத்தியமும் பார்க்கிற ஒரு முடிவெட்டுகிறவர் கொடுத்துவிட்டுப் போனது. அவருக்கு அது பாரசீகத்திலிருந்து வந்த யாரோ கொடுத்ததாம். ஒத்தட மூட்டை, கப்பலில் சமையலும் வைத்தியமும் பார்த்த ஒருவர் விலா எலும்புக்காகத் தந்தது. எலும்புக்கு மூங்கில் பட்டை வைத்துக் கட்டும் நேர்த்தி, மலைப்பக்கத்து மாட்டு வைத்தியர் ஒருவருடையது. மாட்டுக்குப் போடும் கட்டுதான் என்று இதுவரை எந்த நோயாளியிடமும் அவர் சொன்னதில்லை.

அந்தப் பக்கமும் அதே கதைதான். சீன ஊசி அந்த அம்மாவின் மாமனார் வழி. அவர்களுடைய முன்னோர் ஊசிப்பெட்டியோடு கப்பலேறி வந்தவர்கள். ஆனால் மணிக்கட்டில் விரல் வைத்து நோயைப் படிப்பதில் ஒரு பகுதியை மாமனார் ஒரு யுனானி ஹக்கீமிடம் வாங்கியிருந்தார். அந்த ஹக்கீமுக்கு விக்கல். ஊருக்கே மருந்து சொல்லும் மனுஷன், நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் ஊசி போட்டுக்கொள்ள வந்தாராம்.

ஆகவே, போனால் அந்த அம்மா எதைக் கேட்பார் என்பதில் கட்டு வைத்தியருக்குச் சந்தேகமே இல்லை. அவரிடம் இல்லாமல் இவரிடம் இருப்பதில் கேட்கத் தகுந்தது ஒன்றே ஒன்றுதான். தோள் திருப்பு, அதாவது பிடித்துப்போன தோளை இழுத்துத் திருப்பிவிடுவது. நாளைக்கு மேஸ்திரியின் தோளில் இவர் காட்டப் போகும் வித்தையும் அதுதான். கேட்டால் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் அறை போச்சு. போகாமலே இருந்தால், நாளைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு மேஸ்திரியின் தோளைத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். அப்போதும் அறை போச்சு.

மத்தியான வெயிலில் தெரு காலியாக இருந்தபோது கிளம்பினார். மூன்று மாடி ஏறுவதில் மட்டும் கழுத்து ஒத்துழைத்தது. அடுத்த படிக்கட்டு எங்கே என்று நன்றாகத் தெரிந்தது. கதவைத் திறந்த மகள் ஒரு கணம் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள், அத்தையைக் கூப்பிட உள்ளே போய், அங்கே போய்ச் சிரித்தாள். சத்தம் நன்றாகவே கேட்டது.

"வாங்க சம்பந்தி. தெருவே சொல்லிச்சு" என்றார் ஊசிக்காரம்மா.

முன்னறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஊசிகளைக் கொதிக்க வைக்கும் பாத்திரம். வேறொன்றும் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஏறாத தரையைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. கூரையைத்தான் பார்த்தார். ஒரு மூலையில் ஒட்டடை இருந்தது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அந்த அம்மா மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார். நாடி பார்ப்பது எங்கள் வித்தை என்று இவர் முனகினார். உங்கள் வீட்டு நாடியை நான் எடுக்கவில்லை, விக்கல் ஹக்கீமுடையதைத்தான் எடுத்திருக்கிறேன் என்று அமைதியாகப் பதில் வந்தது. பிறகு அந்த அம்மா கழுத்துப் பக்கமே போகவில்லை. புறங்கையில், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே எலும்புகள் பிரிகிற பள்ளத்தில் ஊசியை இறக்கினார்.

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலியால் அல்ல. அந்தப் பள்ளம் அவருக்குத் தெரிந்த பள்ளம். அப்பன் கழுத்துப் பிடிப்புக்குக் கட்டை விரலால் அமுக்கும் அதே இடம்.

"அது எங்க இடம்" என்றார்.

"உங்க அப்பாவுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

யார் என்று அவருக்குத் தெரியும். பல்வலியோடு வந்து இறங்கிய ஒரு கப்பல்காரர். ஊசி வைத்தியம் கற்றவர் என்று அப்பன் சொன்னதாக ஞாபகம். ஆனால் அதைச் சொல்ல இதுவா நேரம்? ஞாபகமில்லை என்றார். அந்த அம்மாவும் அதற்கு மேல் தோண்டவில்லை. தன் மாமனார்கூட ஓர் இடத்தை எண்ணெய் வைத்தியர் ஒருவரிடம் வாங்கியதாகச் சொல்வார், எந்த இடம் என்பதைத்தான் கடைசிவரை சொல்லவில்லை என்றார். ஒருவர் வீட்டில் இன்னொருவர் வீட்டுப் பாத்திரம் இருப்பது தெரிந்துபோன மாதிரி இருந்தது இரண்டு பேருக்கும்.

ஊசியை அப்படியும் இப்படியும் உருட்டிக்கொண்டே, தலையை மெல்ல அசைக்கச் சொன்னார். முதலில் சுவரின் மேல்பாதி தெரிந்தது. பிறகு ஜன்னல். பிறகு சம்பந்தியம்மாவின் முகம். அதில் சிரிப்பு இருந்ததா என்று சட்டென்று சொல்ல முடியவில்லை.

இனிக் கூலி. தோள் திருப்பைக் கேட்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா கேட்கவில்லை.

"சம்பந்தி முறையில இதைக் குடுங்க, அதைக் குடுங்கன்னு நான் கேக்கறது நல்லா இருக்காது. உங்களுக்கு எது தோணுதோ, குடுங்க."

மனுஷன் அந்த இடத்தில் கொஞ்சம் வெட்கப்பட்டிருக்கலாம். பதிலாக அவருக்குக் குஷி பிறந்தது. மொத்த வித்தையிலும் உப்புச் சப்பில்லாதது எது என்று தேடினார். கிடைத்தது. தோளை இழுப்பதற்கு முன்னால் நோயாளியின் மச்சானைப் பற்றி விசாரிப்பார். உலகத்தில் மனைவியின் கூடப்பிறந்தவனோடு ஒத்துப்போகிற சுமைத் தொழிலாளி அபூர்வம். அவன் திட்ட வாயைத் திறப்பான், இவர் இழுப்பார். அப்பனும் அப்படித்தான் செய்வார். வாய் சும்மா இருக்க முடியாமல் பேசுவது என்றுதான் இவர் நினைத்திருந்தார். அதை ஒரு பெரிய ரகசியம் மாதிரிக் குரலைத் தாழ்த்திச் சொல்லிக் கொடுத்தார்.

அந்த அம்மா ஒரு மந்திரத்தைக் கேட்கிற கவனத்தோடு கேட்டார். "மச்சான் இல்லாதவங்களுக்கு?"

"மாமனார்."

"அவரும் இல்லன்னா?"

"மேனேஜர். அது எல்லாருக்கும் இருக்கும்."

படி இறங்கும்போது இவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெறும் உமியைக் கொடுத்து அரிசி வாங்கி வந்ததாக வீட்டில் மனைவியிடம் சொன்னார். மனைவி சிரிக்கவில்லை. உங்கள் கையைவிட உங்கள் வாய்தான் எனக்குத் தெரிந்து வேலை செய்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுக் குவளைகளைக் கழுவப் போனார்.

மறுநாள் காலையில் அறை நிரம்பி வழிந்தது. முதல் ஷிப்டு ஆட்கள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் ஜன்னலில் தொங்கினார்கள். என்ன கூட்டம் என்று பார்க்க வந்த முனைய மேனேஜரும் வாசலில் நின்றார். நடுவே ஸ்டூலில் மேஸ்திரி, சட்டை இல்லாமல், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. பெண்களுக்கு முதல் மரியாதை என்று கட்டு வைத்தியரே தாராளமாகச் சொன்னார். கடைசியில் காட்டுவதுதான் மனதில் நிற்கும் என்பது அவர் கணக்கு.

ஊசிக்காரம்மா மேஸ்திரியின் வேட்டியை முழங்கால்வரை தூக்கச் சொன்னார். தோள் மேலே இருக்கிறது தாயே என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முழங்காலுக்குக் கீழே, காலின் முன்பக்கத்தை விரலால் தடவி இடம் தேடினார். மேஸ்திரி ஊசியைப் பார்த்ததும் மரக்கட்டையாக இறுகினார். நூறு கிலோ மூட்டைக்கு அஞ்சாதவர்களுக்கு இந்த மயிரிழையைக் கண்டால் ஏனோ தொடை நடுங்கும்.

"மேஸ்திரி, உங்க மச்சான் இப்ப எங்க இருக்காரு?" என்று அந்த அம்மா கேட்டார்.

அவ்வளவுதான். மச்சான் சைக்கிளை இரவல் வாங்கிப் போனது, போன இடத்தில் விற்றது, விற்ற கையோடு இவர் வீட்டுக்கே சாப்பிட வந்தது, நல்ல விலைக்குப் போயிற்று என்று சோற்றில் கை வைத்தபடி சொன்னது எல்லாம் கொட்டியது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மேஸ்திரியே தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். ஊசி எப்போது இறங்கியது என்று அவருக்குத் தெரியாது. அவனை இப்போது பார்த்தால் என்ன செய்வீர்கள் என்று அந்த அம்மா கேட்க, வலது கையை ஓங்கினார் மேஸ்திரி. கை நெற்றிவரை போயிற்று.

அறை முழுக்கக் கைதட்டல்.

கட்டு வைத்தியர் எழுந்தார். கை தளர்ந்திருக்கிறது, இழுத்தால் வந்துவிடும் என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஊசியை எடுத்துவிட்டு மேஸ்திரியை அவரிடம் ஒப்படைத்தார்கள். எண்ணெய் தடவினார், அக்குளில் முழங்காலை முட்டுக் கொடுத்தார், பழக்கத்தில் வாயைத் திறந்தார். மச்சான் என்று சொன்னதுமே மேஸ்திரி அலுப்போடு, "அதான் இப்ப முழுசா சொல்லி முடிச்சேனே" என்றார். மாமனாரை இழுத்தார். அவர் போன மாதம் இறந்துவிட்டாராம். தங்கமான மனுஷன் என்று மேஸ்திரியின் கண் கலங்கியது. மிச்சமிருந்தது மேனேஜர். மேனேஜர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

மேஸ்திரியின் தோள் திரும்பவும் இறுகிற்று. கைக்கு அடியில் அது கல்லாவதைக் கட்டு வைத்தியர் உணர்ந்தார். வேறு கதை, வேறு வம்பு, எதுவும் நாக்கில் வரவில்லை. அப்பனுடைய புகழ்பெற்ற இழுப்பில் பாதி அப்பனுடைய கெட்ட வாய் என்பது அவருக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. அந்தப் பாதியை நேற்றுத்தான் உமி என்று அளந்து கொடுத்திருக்கிறார்.

இழுத்துப் பார்க்கலாம். நூற்றுக்கு எண்பது வந்துவிடும். மிச்ச இருபதில் தசைநார் அறுந்தால் மேஸ்திரி அப்புறம் மூட்டையைத் தொடவே முடியாது. இவர் சின்ன வயதில் இதே முனையத்தில் மூட்டைக் கயிறு இழுத்தவர். கை போன சுமைகாரன் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று பார்த்தவர். முட்டுக் கொடுத்த முழங்காலை எடுத்தார்.

"வராது. இப்ப இழுத்தா கிழிச்சிடுவேன்."

யாரும் கேலி செய்யவில்லை. சங்கத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, அறை ஊசிக்காரம்மாவுக்கு என்று சொல்லிவிட்டார்கள். கட்டு வைத்தியர் எண்ணெய்ச் சட்டியை மூடிக்கொண்டு கதவோரம் ஒதுங்கினார்.

அப்போது மேஸ்திரிதான் கலாட்டாவை ஆரம்பித்தார். நெற்றிவரை கை போனால் சலாம் போடலாம், தலைக்கு மேலே மூட்டையைப் பிடிக்க முடியுமா என்று கேட்டார். ஊசிக்காரம்மா மறுபடி காலில் ஊசி வைத்தார், உருட்டினார். நெற்றியைத் தாண்டவில்லை. மீதி இழுத்துத்தான் வரும், தன் மணிக்கட்டுக்கு அந்தப் பலம் இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு கதவோரம் பார்த்தார்.

"சம்பந்தி, ஊசி உள்ள இருக்கு. சதை இளகித்தான் இருக்கு. பேச்சு வேண்டாம், கை மட்டும் குடுங்க."

கட்டு வைத்தியர் வந்தார். அந்த அம்மா காலில் ஊசியை உருட்ட, இவர் தோளில் கட்டை விரலை ஊன்றினார். உள்ளே கல் கரைந்து மாவாவது தெரிந்தது. இழுத்துத் திருப்பினார். காய்ந்த குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். மேஸ்திரி அலற வாயைத் திறந்து, வலி இல்லை என்று தெரிந்ததும் மூடிக்கொண்டார். கை உச்சிக்கு மேலே நேராக நின்றது.

ஆரவாரம் அடங்கியதும் கட்டு வைத்தியர் துண்டில் கையைத் துடைத்தபடி கூலி கேட்டார். ஊசிக்காரம்மா புரியாமல் பார்த்தார். வழக்கம் வைத்தியன் உடம்புக்குத்தான், இது மேஸ்திரியின் தோள் என்றார்.

"ரூம் உங்களுது. ரூமுக்குள்ள இருக்கற நோயாளியும் உங்க நோயாளி. உங்க கையால முடியாததுக்கு என் கை வந்துச்சு. அப்ப உங்க கைக்குத்தானே நான் வைத்தியம் பாத்திருக்கேன்?"

சங்கத்து ஆட்களுக்கு வேலையைவிட வழக்கு பிடிக்கும். இரண்டு கட்சியாகப் பிரிந்து கொஞ்ச நேரம் கத்தினார்கள். கடைசியில் அந்த அம்மாவே கையமர்த்தி, என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஊசி."

"ஊசியில எது?"

"மொத்தமும்."

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "உங்க பொண்ணு வாழ வந்த நாள்ல இருந்து கத்துக்கறா. இன்னும் முழங்காலத் தாண்டல."

"எனக்கும் அவசரம் இல்ல. நீங்க எங்க உக்காந்து சொல்லித் தர்றீங்களோ, அங்க வந்து கத்துக்கறேன். ஓரமா ஒரு பெஞ்சு போட்டுக்கறேன். சும்மா இருக்கற நேரத்துல வர்றவங்களுக்கு ரெண்டு சுளுக்கு எடுக்கறேன்."

சொன்னது முதலில் ஜன்னலில் தொங்கியவர்களுக்குத்தான் புரிந்தது. அங்கிருந்து சிரிப்பு உள்ளே பரவியது. ஊசிக்காரம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார், ஓர் ஆள் நீளத்துக்கு எங்கே இடம் இருக்கிறது என்று கண்ணாலேயே அளந்தார். தனக்கு மணிக்கட்டுப் பலம் இல்லை என்று ஊரறியச் சொல்லியாயிற்று. இனி மறுத்தால் நாளைக்குத் தோளோடு வருகிறவனுக்கு யார் இழுப்பது?

சங்கத்தில் எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். கூலி நியாயம் என்பவர்கள் கை தூக்கலாம் என்று அறிவித்தார்கள். முதல் கை மேஸ்திரியுடையது, அதுவும் வலது கை. எண்ணி முடித்து எல்லாரும் இறக்கிய பிறகும் அவர் இறக்கவில்லை. முன்னால் நீட்டினார், பின்னால் கொண்டுபோனார், மறுபடி உச்சிக்குத் தூக்கித் தானே அண்ணாந்து பார்த்துக்கொண்டார். ஓட்டு முடிந்துவிட்டது என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்கள். அவர் மேனேஜரைப் பார்த்தும் ஒருமுறை ஓங்கினார். மேனேஜர் வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

கட்டு வைத்தியர் ஊசிப்பெட்டியை ஆசையாக எட்டிப் பார்த்து, ஒன்றைத் தொட விரலை நீட்டினார். ஊசிக்காரம்மா பெட்டியைப் பட்டென்று மூடினார்.

"எண்ணெய்க் கையோட ஊசியத் தொடக் கூடாது. குழாய் அங்க இருக்கு. சோப்புப் போட்டு, நகத்துக்குள்ளயும் தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க."

அவர் போய்க் குழாயைத் திறந்தார். அந்தக் கை சோப்பைப் பார்த்தே பல காலம் ஆகியிருந்தது. ரொம்ப நேரம் தேய்த்தார்.